மத்தி வந்தது, வலை வந்தது, வழக்கும் வந்தது: காவிரி டெல்டாக் கடற்கரையின் சிறுதொழில் மீன்பிடிப்பு – ஒரு நிகழ்வு ஆய்வு

காவிரி டெல்டாவின் கடற்கரை, கொள்ளிடம் கடலில் சேரும் பழையாற்றுப் பக்கம் தொடங்கி, திருமுல்லைவாசல், பூம்புகார், தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி என்று நேர் தெற்கே இறங்கிக் கோடியக்கரையில் மேற்கே திரும்புகிறது. அங்கிருந்து முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைத் தொட்டு அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம் வரை போகிறது. மயிலாடுதுறை, நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் ஆகிய நான்கு மாவட்டங்களும், நடுவில் புதுச்சேரி அரசின் ஆளுகைக்கு உட்பட்ட காரைக்காலும் இதைப் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. கோடியக்கரையின் அந்த ஒரு திருப்பத்துக்கு வடக்கே இருப்பது அலை மிகுந்த திறந்த வங்கக் கடல். மேற்கே இருப்பது ஆழங்குறைந்த பாக் நீரிணையும் விரிகுடாவும். தொழிலும் வலையும் ஊர்க் கட்டுப்பாடும் இந்தத் திருப்பத்தில் மாறிவிடுகின்றன.

இந்தக் கரையில் 2020 முதல் 2022 வரை மீனவ ஊர்களைப் பிரித்து நிறுத்திய, மீன் கூட்டத்தையே சுற்றி வளைத்துப் பிடிக்கும் சுருக்குமடி வலைப் பிரச்சினையே இந்த ஆய்வின் மையம். சட்டத்தை மீறியவர்களுக்கும் சட்டத்தை மதித்தவர்களுக்கும் இடையே நடந்த தகராறு என்றே செய்திகள் அதைச் சொல்லி வந்தன. அப்படிச் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் பாதிக் கதை விடுபட்டுப் போகிறது. சூடேறிய கடல் ஒரு மீனைக் கொண்டுவந்து சேர்த்தது, அந்த மீனைத் தேடி ஒரு வலை வந்தது, அந்த வலையை நம்பிக் கடன் வந்தது என்ற வரிசையில் பார்த்தால்தான், தடை போட்ட பிறகும் வலை ஏன் கரையேறவில்லை என்பது விளங்கும்.

மீன்

வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு வெப்பநிலை 1951 முதல் 2015 வரை சராசரியாக 1 பாகை செல்சியஸ் உயர்ந்திருப்பதாக இந்தியப் புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020ஆம் ஆண்டு மதிப்பீடு கூறுகிறது. உலகக் கடல்களின் சராசரி உயர்வைவிட இது அதிகம். வட இந்தியப் பெருங்கடலில் கடல்மட்டம் 1993 முதல் 2017 வரை ஆண்டுக்கு ஏறத்தாழ 3.3 மில்லிமீட்டர் ஏறியிருக்கிறது. மழைக்காலத்துக்குப் பிந்தைய மாதங்களில் மிகக் கடும் புயல்கள் கூடியிருப்பதையும் அதே மதிப்பீடு பதிவு செய்கிறது.

இந்த மாற்றத்தைக் கரையில் முதலில் அறிவித்தது மத்திதான். நெய்ச்சாளை என்றும் அழைக்கப்படும் இந்த மீன் கேரளம், கர்நாடகம் ஆகிய மேற்குக் கரைகளின் சொத்தாகவே நெடுங்காலம் இருந்தது. 1980கள் வரை சோழமண்டலக் கரையில் அதைப் பொருட்படுத்தும் அளவுக்குப் பிடித்தவர்கள் இல்லை. சூடை, கவலை, நெத்திலி என்ற சிறுமீன்கள்தான் சிறுபடகின் அன்றாட மீன்பாடு. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் மத்தி கிழக்குக் கரைக்குப் பரவி, தமிழகத்தின் முக்கிய மீன்களில் ஒன்றாக ஆனது. மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வாளர்கள் இப்பரவலைக் கடல் வெப்ப உயர்வோடு இணைத்துப் பேசுகிறார்கள்.

மத்தி நிலையான குடியிருப்பாளன் என்று நம்பிவிடக் கூடாது. மிதவை நுண்ணுயிர்களைத் தின்று விரைவில் வளர்ந்து, ஓராண்டுக்குள் இனப்பெருக்கத்துக்குத் தயாராகி, இரண்டு மூன்று ஆண்டுகளில் வாழ்வை முடித்துக்கொள்ளும் மீன் அது. வெப்பமும் மழையும் சற்றே முன்பின் ஆனாலும் அதன் கூட்டம் பெருகும், இல்லையேல் காணாமலே போகும். கேரளத்தில் 2012இல் ஏறத்தாழ 3.9 இலட்சம் டன் பிடிபட்ட மத்தி, 2021இல் வெறும் 3,297 டன்னாகச் சுருங்கியது. அடுத்த ஆண்டே மறுபடி ஏறியது. இப்படிப்பட்ட மீனின் மேல் பல இலட்சம் ரூபாய் முதலீட்டை ஏற்றி வைத்தால் அந்த முதலீடும் மீனோடு சேர்ந்து ஏறி இறங்கும்.

வலை

சிறுபடகின் வழக்கமான கருவி செவுள் வலை. மூன்று முதல் ஐந்து பேர் ஒரு ஃபைபர் படகில் விடியலுக்கு முன் புறப்பட்டு, கண்ணியின் அளவுக்கு ஏற்ற மீனை மட்டும் கொண்டுவருவார்கள். கவலை வலையில் வஞ்சிரம் நிற்காது. நண்டு வலையில் நெத்திலி நிற்காது. பிடிப்பு குறைவுதான், ஆனால் குஞ்சுகள் தாமாகவே தப்பிவிடுகின்றன.

சுருக்குமடி இதற்கு நேர்மாறானது. மீன் கூட்டம் தென்பட்டவுடன் வலையைச் சுற்றிலும் விரித்து, அடிவிளிம்பில் கோத்துள்ள வளையங்கள் வழியே ஓடும் கயிற்றை இழுத்தால், பாட்டியின் இடுப்பிலிருக்கும் சுருக்குப்பைபோல் அடிவாய் மூடிக்கொள்ளும். உள்ளே இருக்கும் கூட்டம் பெரிதும் சிறிதுமாக முழுவதும் அகப்படும். ஒரு வலைக்கு முப்பது நாற்பது பேர் உழைக்க வேண்டியிருப்பதாலும் தனியொருவரால் அந்த விலையைத் தாங்க முடியாததாலும், பல குடும்பங்கள் பங்கு போட்டு வாங்குகின்றன. நகையும் வியாபாரியின் முன்பணமும் அந்தப் பங்குக்குள் போகின்றன.

இந்த வலை டெல்டாக் கரையில் பரவியது 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகான ஆண்டுகளில். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட அந்த நாளுக்குப் பிறகு, நிவாரணமாகக் கட்டுமரங்களுக்குப் பதில் ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன. இழந்தவருக்குப் படகு கொடுப்பது நியாயமே. ஆனால் படகு இல்லாதிருந்தவர்களும் படகுக்காரர்களாக ஆனபோது, அதே கரையோரக் கடலில் செவுள் வலைக்குக் கிடைக்கும் பங்கு சுருங்கியது. ஒருபுறம் பங்கு சுருங்கிய படகுகள், மறுபுறம் கூட்டங்கூட்டமாக வந்து சேர்ந்த மத்தி. கேரளச் சந்தைக்கு லாரி ஏறினால் விலையும் உண்டு. சுருக்குமடி வராமல் இருந்திருந்தால்தான் வியப்பு.

தமிழக அரசு இவ்வகை வலையை 2000ஆம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டது. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983ஆம் ஆண்டிலிருந்து உள்ளது; கரையையொட்டிய கடலைச் சிறுபடகுகளுக்கு ஒதுக்கி, விசைப்படகுகள் அதற்கு வெளியே போய்த் தொழில் செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. ஆனால் தடை ஆண்டுக்கணக்கில் காகிதத்தில் இருந்தது. வலை கடலில் இருந்தது. நடவடிக்கை தீவிரமானபோது பூம்புகார், திருமுல்லைவாசல் பகுதிகளின் மீனவர்கள் அனுமதி கேட்டுப் போராடினார்கள்; தரங்கம்பாடியைத் தலைமைக் கிராமமாகக் கொண்ட ஊர்கள் தடையை முழுமையாக நடைமுறைப்படுத்தக் கேட்டுப் போராடின. அனுமதி கேட்டவர்களின் வாதத்தில் ஒன்று கூர்ந்து கவனிக்கத்தக்கது: சட்டத்தை நடைமுறைப்படுத்துவதென்றால் முழுவதையும் நடைமுறைப்படுத்துங்கள், கரையோரத்துக்குள் நுழைந்து கடலடியை வாரும் இழுவைப் படகையும் அளவுக்கு மீறிய இஞ்சினையும் விட்டுவிட்டு எங்கள் வலையை மட்டும் ஏன் பிடிக்கிறீர்கள் என்பதே அது. தன் மீறலை நியாயப்படுத்த இந்த வாதம் போதாது. அமலாக்கத்தின் குறையை அது சரியாகவே சுட்டுகிறது.

தடையை எதிர்த்த வழக்கில் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் ஆகிய இரு நாட்களில், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை சுருக்குமடி பயன்படுத்த நிபந்தனைகளோடு இடைக்கால அனுமதி அளித்தது. 12 மைலுக்கு உட்பட்ட கடல் மாநில அரசின் அதிகாரத்தில் இருப்பதே இந்தக் கோட்டுக்குக் காரணம். ஆட்சி எல்லைக்கு அது பொருந்தும். மீனின் போக்கிற்குப் பொருந்தாது. மத்தி பெரும்பாலும் கரையோர மீன். அதைப் பிடிக்கவே வாங்கிய வலையை அது குறைவாக இருக்கும் ஆழக் கடலுக்குக் கொண்டுபோனால் டீசல் செலவு தாங்காது. ஆகவே அந்த ஆணை பெரிய படகுகளுக்கு ஒரு வழியைத் திறந்ததே ஒழிய, பங்குக்கு வலை வாங்கிய குடும்பங்களின் கடனைத் தொடவில்லை.

ஊர்

சோழமண்டலக் கரையில் பட்டினவர் என்ற மீனவச் சமூகத்தாரின் ஊர்களில் அரசுச் சட்டத்துக்கு முன்பிருந்தே ஒரு நிர்வாகம் இயங்கி வருகிறது. ஊர்ப் பஞ்சாயத்து என்ற அந்த அமைப்பில் தலைக்கட்டுக்கு (குடும்பத்துக்கு) வரி உண்டு, மீன் ஏலத்தில் மகமை என்ற ஊர்ப் பங்கு உண்டு, மீறினால் அபராதம் உண்டு. இன்று யாரும் தொழிலுக்குப் போகக் கூடாது என்று மாலையில் மைக்கில் சொன்னால் மறுநாள் விடியலில் ஒரு படகும் இறங்காது. அரசின் எந்தத் துறையாலும் ஒரே இரவில் இதைச் செய்ய முடியாது. கேடு விளைவிக்கும் வலைகளைத் தங்கள் கடலில் போடக் கூடாது என்று ஊர்கள் தாமாகவே தடுத்த வரலாறும் இந்தக் கரையில் உண்டு.

இத்தனை வலிமையுள்ள அமைப்பு சுருக்குமடி விவகாரத்தில் ஏன் தோற்றது? ஒவ்வோர் ஊரும் தன் எல்லைக்குள் முடிவெடுத்தது. மீன் கூட்டமோ ஊரெல்லைகளைத் தாண்டி நீந்தியது. வலை வைத்திருந்த ஊரில் வலைக்காரர்களே வரிக்காரர்கள்; அவர்களுக்கு எதிராக ஊர் தீர்மானம் போட வழியில்லை. பல ஊர்கள் கூடிப் பேசும் மரபு இருந்தும், அந்தக் கூட்டங்கள் சண்டைக்குப் பிறகே கூடின. இன்னொன்றையும் சொல்லாமல் விடக் கூடாது. ஊர்ப் பஞ்சாயத்தில் பெண்களுக்கு இடமில்லை. கரையில் மீனை ஏலமெடுத்து, ரகம் பிரித்து, தலைச்சுமையாகவும் பேருந்திலும் கொண்டுபோய் விற்று, விற்காததைக் கருவாடாக்கி, மீனின் அளவு மாதத்துக்கு மாதம் எப்படிச் சிறுத்து வருகிறது என்பதைக் கையால் அறிந்திருப்பவர்கள் அவர்கள்தான். கூடைக்குள் கையை விட்டு அள்ளினால் ஒரு பிடியில் எத்தனை மத்தி வருகிறது என்பதே அவர்களுக்குப் போதுமான கணக்கு: ஏழெட்டு வந்தால் சமையல் வீட்டுக்குப் போகும், இருபது வந்தால் அது காயப்போட்டுத் தீவனத்துக்குப் போகும் பொடிமீன். பிந்தைய கூடைகள் கோழித்தீவனத்துக்கும் மீன்தூள் ஆலைக்கும் மொத்தமாகப் போய்விடும்போது, பெண்களின் கையில் வியாபாரமும் மிஞ்சுவதில்லை, கடலில் அடுத்த ஆண்டுக்கான மீனும் மிஞ்சுவதில்லை.

நாட்காட்டி

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். தமிழகத்தில் 2001இல் 45 நாட்களாகத் தொடங்கிய இது, 2017 முதல் 61 நாட்களாக நீண்டது. தடைக்காலம் பயனற்றது என்று சொல்வதற்கில்லை. இழுவைப் படகுகள் இரண்டு மாதம் நிற்பதே கடலடிக்குப் பெரிய ஓய்வு. குறை என்னவென்றால், வெப்பமண்டலக் கடலில் எல்லா மீனும் ஒரே பருவத்தில் முட்டையிடுவதில்லை. இறாலுக்கு ஒரு காலம், கானாங்கெளுத்திக்கு ஒரு காலம், வஞ்சிரத்துக்கு இன்னொரு காலம். அந்தக் காலங்களும் வெப்பத்தோடு நகரக்கூடியவை. நாட்காட்டியில் ஆணியடித்த தேதி அவற்றோடு நகராது.

சிறுபடகுக்காரருக்கு உண்மையான தடைக்காலம் வேறொன்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடையும் கொண்டலும் வீசும் மாதங்களில் காற்றழுத்தத் தாழ்வு ஒவ்வொன்றுக்கும் எச்சரிக்கைக் கொடி ஏறுகிறது. படகு கரையில் நிற்கிறது. 2008இல் நிஷா, 2018இல் கஜா, 2020இல் நிவரும் புரவியும் அடுத்தடுத்து, 2024இல் ஃபெஞ்சல் என்று வந்த பெயர்களைவிட, பெயர் பெறாத தாழ்வுகளால் போன நாட்கள் அதிகம். எச்சரிக்கையை மதிப்பதால்தான் உயிர்கள் தப்புகின்றன. அதை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் தடைக்கால நிவாரணமும் மீன்பிடிப்புக் குறைந்த கால உதவித்தொகையும் ஒரே தொகையாக வரும்போது, எத்தனை நாள் கடலுக்குப் போக முடியவில்லை என்ற கணக்கு அதில் ஏறுவதே இல்லை. போக முடியாத பத்து நாளுக்குப் பிறகு கிடைக்கும் ஒரு நல்ல நாளில், எந்தக் குடும்பத்தலைவரும் குஞ்சு மீனைப் பார்த்துக் கையை மடக்கிக்கொண்டு இருக்க மாட்டார். அளவுக்கு மீறிப் பிடிப்பதை ஆசை என்று கண்டிப்பவர்கள் இந்த நெருக்கடியையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

புயல் தள்ளிப்போட்ட மழை கரையிலும் சேதம் செய்கிறது. பருவம் தப்பிய ஒரு மழையில் மணலில் காயும் நெத்திலி முழுவதும் புழு வைத்துவிடும். தரங்கம்பாடி மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோனதை ஊரறியும். அதே அரிப்பு படகு ஏற்றும் மணலையும் வலை உலர்த்தும் இடத்தையும் கருவாட்டுக் களத்தையும் கொண்டுபோவது செய்தியாவதில்லை.

திருப்பத்துக்கு அப்பால்

கோடியக்கரைக்கு மேற்கே, பாக் விரிகுடாவின் தஞ்சாவூர்க் கரையில், வேறொரு ஏற்பாடு பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய நாட்களில் கடலுக்குப் போகின்றன. மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு உரியவை. 1970களில் வலையறுப்பும் அடிதடியுமாக இருந்த விரிகுடாவில் மோதலைத் தணிப்பதற்காகப் பிறந்த முறை இது. மீன்வளப் பாதுகாப்பு அதன் நோக்கமாக இருக்கவில்லை, மீறல்களும் உண்டு. ஆயினும் தூரத்தையோ கண்ணியளவையோ கடலில் போய் அளக்க வேண்டியதில்லை. இன்று என்ன கிழமை என்பதும் துறையில் எந்தப் படகு இல்லை என்பதும் கரையில் நிற்கும் சிறுபிள்ளைக்கும் தெரியும். கண்காணிப்புச் செலவே இல்லாத விதி நிலைக்கும் என்பதற்கு இது அருகிலேயே இருக்கும் சான்று. பக்கத்திலேயே, 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. வலையில் சிக்கும் கடற்பசுவை மீனவர்களே விடுவிப்பதை அடிப்படையாகக் கொண்டே அங்கு வேலை நடக்கிறது.

கோடியக்கரையிலோ அக்டோபர் தொடங்கி மார்ச் வரை வெளியூர் மீனவர்கள் குடும்பத்தோடு வந்து குடிசை போட்டுத் தங்கித் தொழில் செய்வார்கள். நாகை, காரைக்கால் பக்கத்துப் படகுகளும் உள்ளூர்ப் படகுகளும் ஒரே கரையில் ஏறி, ஒரே ஏலத்தில் விற்று, ஒரே கட்டுப்பாட்டுக்கு உட்படுகின்றன. மீனைப் பின்தொடர்ந்து மனிதர் நகரவும், நகர்ந்தவர் உள்ளூர் விதிக்கு அடங்கவும் இந்தக் கரைக்கு ஏற்கெனவே பழக்கம் இருக்கிறது.

ஆற்று நீர்

மீன்வள மேலாண்மையை மீன்வளத் துறையோடு நிறுத்திவிடுவது இந்த டெல்டாவில் பெரிய பிழை. இறால் கடலில் முட்டையிடும்; குஞ்சு கழிமுகத்துக்குள் வந்து உவர்நீரில் வளர்ந்து, பெருக்கு நீரோடு கடலுக்குத் திரும்பும். மடவையும் கொடுவாவும் இதே வழியில் போய் வருபவை. 1934இல் மேட்டூர் அணை எழுந்தபின் வண்டலும் நன்னீரும் கடலுக்குப் போவது குறைந்தது. 2018 ஆகஸ்டில் கொள்ளிடம் நுரைத்து ஓடி முக்கொம்பு மேலணையின் மதகுகள் உடைந்தபோது, இத்தனை டிஎம்சி கடலில் வீணாகக் கலந்தது என்று எல்லோரும் அங்கலாய்த்தார்கள். உழவரின் வேதனை புரிகிறது. பழையாற்றிலும் முத்துப்பேட்டையிலும் வலை போடுபவருக்கு அந்த நீரில் ஒரு பங்கு வீணில்லை என்பதையும் யாராவது சொல்லத்தான் வேண்டும்.

முத்துப்பேட்டையில் பாமணியாறும் கோரையாறும் வந்து விழும் காயலைச் சுற்றி அலையாத்திக் காடு நிற்கிறது. காட்டினூடே வாய்க்கால் வெட்டி, கடல் ஏற்றத்தில் நுழையும் மீனை வற்றத்தில் பிடிப்பது அங்குள்ள பழைய தொழில். உப்பேறிக் காய்ந்த நிலத்தில் வாய்க்கால்கள் அமைத்து அலை நீரை உள்ளே விட்டு, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து காட்டை மீட்டதற்கும் அதே நீரோட்ட அறிவே அடிப்படை. 2018 நவம்பர் 16 அன்று கஜா இந்தக் காட்டைச் சாய்த்தது. மீண்டு வர நன்னீர் தேவை. மேட்டூர்த் திறப்பு அட்டவணையில் கழிமுகங்களுக்கென்று ஒரு சிறு பங்கு ஒதுக்கப்பட்டால், கடலில் எந்தத் தடையும் செய்யாத நன்மையை அது செய்யும்.

செய்யக்கூடியது

மேற்கண்டவற்றிலிருந்து என் முடிவு இது: இந்தக் கரைக்குத் தேவை, கிடைக்கும் மீனைப் பார்த்து விரைவாக மூடித் திறக்கும் விதி. அதை நடத்தும் ஆற்றல் ஊர்களிடமும், அளக்கும் ஆற்றல் ஆய்வு நிலையங்களிடமும் தனித்தனியே கிடக்கிறது. தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் நாகப்பட்டினத்திலேயே இருக்கிறது. கேரளம் 2015இல் 14 மீன் இனங்களுக்குக் குறைந்தபட்ச அளவை அறிவித்தது. மத்திக்கு 10 சென்டிமீட்டர், கானாங்கெளுத்திக்கு 14. அதே அளவை இங்கே கடலில் படகை மறித்துச் சோதிக்க முயன்றால் இன்னொரு சண்டைதான் வரும். ஏலத் திடலில் சோதித்தால் வேலை நடக்கும். ஏனென்றால் ஏலம் ஏற்கெனவே ஊரின் கையில் இருக்கிறது, வாங்குபவரும் அங்கேயே நிற்கிறார். குஞ்சுகளின் பங்கு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அந்த மீனுக்குரிய வலைகளைப் பத்து நாள் நிறுத்துவது, அந்த நாட்களைப் புயல் எச்சரிக்கை நாட்களோடு சேர்த்து எண்ணி நிவாரணம் தருவது, அளக்கும் குழுவில் மீன் விற்கும் பெண்களைப் பாதிக்குக் குறையாமல் அமர்த்துவது ஆகியவற்றை ஒரே ஏற்பாடாகச் செய்ய வேண்டும்.

சுருக்குமடிக்கு ஒரே வழி, பங்குக் கடனை அரசு விலைக்கு வாங்கி வலையைக் கரையேற்றுவது. செலவு பெரிதாகத் தோன்றும். பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் பருவநிலையைத் தாங்கும் கடலோர ஊர்கள் என்று நாட்டில் 100 ஊர்களுக்குத் தலா 2 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டிருக்கிறது. இத்தகைய பணம் உலர்களத்துக்கும் கட்டடத்துக்குமே போவது வழக்கம். உலர்களம் நல்லதே, காயப்போட மீன் இருந்தால்.

காரைக்கால் இதில் தனிச் சிக்கல். தமிழக ஊர்கள் பத்து நாள் நிறுத்தி, நடுவிலுள்ள காரைக்கால் படகுகள் நிறுத்தாவிட்டால் ஏற்பாடு மூன்றாம் நாளே குலைந்துவிடும். இரண்டு அரசுகளின் ஆணைகளும் ஒரே தேதியில் வர ஆண்டுகள் ஆகலாம். அதுவரை காத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லாத ஒரு பகுதியும் உண்டு: ஒவ்வொரு துறையிலும் ஏலம் தொடங்கும் முன் முதல் கூடையிலிருந்து ஐம்பது மத்தியை எடுத்து அளந்து, பத்து சென்டிமீட்டருக்குக் கீழ் எத்தனை என்று பலகையில் எழுதிவைப்பது. பழையாறு முதல் கோடியக்கரை வரை ஒரு பருவம் முழுக்க இந்த எண்கள் சேர்ந்தால், வலைக்கு அனுமதி கேட்பவர்களும் தடை கேட்பவர்களும் அடுத்த முறை பேச்சுவார்த்தைக்கு உட்காரும்போது இரு தரப்பிடமும் ஒரே கணக்கு இருக்கும்.